இல்லாத காய்ச்சலுக்கு ஓர் அலுவலகம்

சென்னையில் ஓர் உறவினரின் திருமணத்துக்குப் போய்வந்த இரண்டாவது கிழமை எனக்குக் காய்ச்சல் கண்டது. யாழ்ப்பாணத்தில் மாரிகாலக் காய்ச்சல் என்றாலே டெங்குதான் என்ற எண்ணத்தோடு வைத்தியசாலைக்குப் போனேன். அங்கிருந்த இளம் வைத்தியர் அண்மையில் வெளிநாடு ஏதும் சென்றீர்களா என்று கேட்டு, இந்தியா என்றதும் மலேரியாவுக்கும் சேர்த்து இரத்தம் எடுக்கச் சொன்னார். இரண்டுமே இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் 1999 இல் வன்னியில் நடுக்கத்தோடு கிடந்து, குளோரோகுயின் குளிசையின் கசப்பை நாவில் இன்னும் வைத்திருக்கும் எனக்கு, அந்த வைத்தியர் தம் வாழ்நாளில் ஒரு மலேரியா நோயாளியையாவது பார்த்திருப்பாரா என்ற எண்ணமே வீடு திரும்பும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

நான் படுத்த அந்த ஆண்டில் மட்டும் இலங்கையில் 2,60,000 பேருக்கு மேல் மலேரியா பதிவாகியிருந்தது. அதற்கு முந்திய தலைமுறைக்கு இதுவும் சிறு கணக்கே. 1934, 35 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து, தென்மேற்கின் ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கியபோது, அந்தத் தெளிந்த நீரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு பெருகி, ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள்.

ஆயினும் இந்த வரலாற்றில் என்னை அதிகம் உறுத்துவது சாவு மிகுந்த அந்த ஆண்டுகள் அல்ல, 1963 தான். 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டிடிடி என்ற பூச்சிகொல்லியைத் தெளித்துத் தெளித்து, அவ்வாண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே என்ற நிலைக்குச் சுகாதாரத் திணைக்களம் கொண்டுவந்துவிட்டது. நோய் போய்விட்டது என்று நம்பித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மீண்டும் தெளிக்கத் தொடங்கியபோது நுளம்பு டிடிடியைத் தாங்கப் பழகிவிட்டிருந்ததால், எழுபதுகளில் மாலத்தியோன் என்ற வேறொரு பூச்சிகொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போனதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இரண்டாம் முறை சுகாதார அமைச்சின் மலேரியாத் தடை இயக்கம் மருந்துத் தெளிப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வீடுவீடாகக் கொடுக்கப்பட்டன; வைத்தியசாலை எட்டாத ஊர்களுக்கு நடமாடும் கிளினிக்குகள் சென்றன; காய்ச்சல் இல்லாதவர்களிடமும் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்து, உடலில் ஒளிந்திருக்கும் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடினார்கள். போர் நடந்த பகுதிகளிலும் இந்த வேலை முற்றாக நின்றுவிடவில்லை என்பதை, வலை வாங்க வரிசையில் நின்றவன் என்ற முறையில் நானே சொல்ல முடியும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் மூலமன்றி, உள்ளூர்ப் பரவலிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடாக அறிவித்தது.

இம்முறை அந்த இயக்கத்தின் அலுவலகம் பூட்டப்படவில்லை. மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கிருந்து நோயோடு வரும் ஒவ்வொருவரையும் சுற்றி அக்கம்பக்கத்தாரின் இரத்தமும் அப்பகுதி நுளம்புகளும் சோதிக்கப்படுகின்றன. ஒருவருக்காக இவ்வளவு ஆரவாரமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் பரப்பும் நுளம்பு இன்றும் இங்கேதான் இருக்கிறது. இல்லாமற் போயிருப்பது ஒட்டுண்ணி மட்டுமே. 2018 இன் இறுதியில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியது. அது மேலும் பரவாமல் தடுத்ததும் இந்த ஆரவாரம்தான்.

போதாக்குறைக்கு, அந்தச் சான்றிதழ் கிடைத்த 2016 ஆம் ஆண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பை மன்னாரில் கண்டுபிடித்தார்கள். ஆற்றுக் குட்டையைத் தேடிப் போகாமல், வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் இனம் அது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது அகப்பட்டது. எங்கள் குடாநாட்டில் கிணறு இல்லாத வளவு அரிது என்பதால், கிணறுகளை எட்டிப் பார்த்து, குடம்பிகளைத் தேடி, அவற்றைத் தின்னும் சிறுமீன்களை விடுவதும் அந்த அலுவலர்களின் வேலையாகிவிட்டது. எங்கள் கிணற்றிலும் இப்போது மீன்கள் உண்டு. வாளியில் அகப்பட்டால் அம்மா அவற்றைத் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றிவிடுகிறார்.