எல்லாப் பிள்ளைகளும் ஒரே வட்டத்தில்: பறை வகுப்பு நடத்திப் பார்த்த முறை

பறை வகுப்புக்குக் கருவி வாங்கும் முன் ஆசானை முடிவு செய்துவிட வேண்டும். தலைமுறையாக அடித்துவரும் குடும்பத்தவர்தான் ஆசான், அவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. சாதியின் பெயரால் சாவுக்கு அடிக்க வைக்கப்பட்டவர்கள் காப்பாற்றிக் கொடுத்த கருவி இது. அவர்களை ஒதுக்கிவிட்டு 'அனைவருக்குமான வகுப்பு' என்று சொல்ல வாய் வராது. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் "அதைப் போய் ஏன் தொடுற?" என்ற கேள்வி வீடுகளில் ஓயவில்லை. அதனால் இரண்டாம் வாரமே பெற்றோரை வரவழைத்து, அவர்கள் கையிலும் குச்சியைக் கொடுத்துவிடுகிறோம். வகுப்பு முடிந்ததும் சுண்டலும் டீயும் எல்லோருக்கும் ஒரே பந்தியில்.

20 பேருக்கு 14 பறை போதும். கை ஓய்கிறவர்கள் கைதட்டி எண்ணிக்கையைப் பிடிப்பார்கள். 8 தோல் பறை, 6 ஃபைபர் பறை என்று வைத்துக்கொள்ளலாம். பனியிலும் மழையிலும் தோல் தொய்ந்து 'பொத்பொத்' என்று கேட்கும். வைக்கோல் தீயில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுழற்றிக்கொண்டே காய்ச்சுங்கள். சுண்டினால் கணீரென்று கேட்கிறதா, அப்போதே நிறுத்திவிடுங்கள். நெருக்கிக் காட்டினால் தோல் கருகும், புளியங்கொட்டைப் பசை விட்டுப்போய் ஓரம் கிளம்பும். இளைப்பு உள்ள பிள்ளைகளைப் புகை வீசும் பக்கம் நிறுத்தாதீர்கள். ஃபைபருக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, ஆனால் ஓசை காதில் அறையும். மூடிய அறை வேண்டாம், மரத்தடிதான் சரி. ஓசை தாங்காத பிள்ளைக்குக் காதுமூடி கொடுங்கள். நினைத்தபோது எழுந்துபோய்த் திரும்பி வரவும் விடுங்கள்.

வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிண்டுக்குச்சி. பலரும் தடுமாறுவது சிண்டில்தான். அதை முஷ்டிக்குள் இறுக்குவார்கள், மணிக்கட்டு அசையாது, கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வரும். முதல் 2 வாரம் பறையைத் தோளில் மாட்டாமல் பாயிலும் தொடையிலும் தட்டிக் கை பழகட்டும். மூங்கில் பிளக்கும் என்பதால் குறைந்தது 30 சிண்டு கையிருப்பில் இருக்க வேண்டும். பிடி பலமில்லாத கைக்குக் குச்சியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுங்கள். ஒரு கை மட்டும் இயங்கும் பிள்ளைக்குப் பறையைச் சட்டத்தில் கட்டி நிறுத்தி, அடிக்குச்சி அவரிடம், சிண்டு பக்கத்தில் இருப்பவரிடம். ஒரு பறையை இரண்டு பேர் வாசிப்பது கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஜால்ராவைக் கையில் கொடுத்து ஓரத்தில் உட்கார வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்குத் தாளம் வராது என்பது வெறும் நினைப்பு. பறையின் சட்டம் தோளையும் கையையும் ஒட்டியிருப்பதால் அதிர்வு நேரே உடம்பில் இறங்குகிறது. அவர்கள் தவறுவது அடி, அதாவது தாளக்கட்டு, மாறும் இடத்தில்தான், ஏனென்றால் ஆசான் குரல் கொடுத்து மாற்றுகிறார். குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினால் அடி மாறுகிறது, இரண்டையும் குறுக்காக வைத்தால் முடிகிறது என்று குழு முழுவதற்கும் ஒரே சைகையை வைத்துவிட்டால் சிக்கல் தீரும். வட்டம் சுழலும்போது ஆசானின் முதுகுதான் சிலருக்குத் தெரியும். அதனால் எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் அதே சைகையைக் காட்ட வேண்டும். பார்வையற்றவருக்குத் தரையில் சணல் கயிற்றை வட்டமாக ஒட்டினால் கால் வழியை அறியும். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எங்களுக்கு நீண்ட நாள் பிடிபடாதது சக்கர நாற்காலி. இடப்பக்கக் கைப்பிடியைக் கழற்றினால் பறை இடிக்காது, அது எளிது. ஆனால் இரு கையிலும் குச்சி இருக்கும்போது நாற்காலியை எப்படித் திருப்புவது? பின்னால் ஒருவர் தள்ளினால் ஆட்டம் அவருடையது ஆகாது. கடைசியில் அடியையே மாற்றினோம். அரைவட்டம் திரும்பும் 4 எண்ணிக்கையில் எல்லாப் பறையும் நிற்கும், கால் சலங்கை மட்டும் ஒலிக்கும். அதற்குள் குச்சிகளை மடியில் போட்டுச் சக்கரத்தைத் திருப்பிவிடலாம். அந்த அமைதிக்குப் பின் எல்லாப் பறையிலும் சேர்ந்து விழும் முதல் அடிக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

12 வாரத்தில் ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி என்ற மூன்று தாளக்கட்டும் கைக்கு வந்தால் போதும். அரங்கேற்றத்துக்குக் கிடைக்கும் மேடையில் படி மட்டும் இருந்து சாய்தளம் இல்லையென்றால், குழு முழுவதும் தரையில் இறங்கி ஆடட்டும்.