நூலக மேசை: ஒரு வருமான வரி நாட்குறிப்பு

ஜூலை 5, 2025, சனி

குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், நாளிதழ் வாசிக்கும் அறையின் ஓரத்து மேசையைச் சனிக்கிழமைதோறும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை பயன்படுத்திக்கொள்ள நூலகர் இசைந்தார். வருமான வரிக் கணக்கைத் தாமே தாக்கல் செய்யத் தெரியாத ஓய்வூதியர்களுக்கும் சிறு சம்பளக்காரர்களுக்கும் கட்டணம் வாங்காமல் உதவுவது என்று முடிவு செய்திருக்கிறேன். இந்த ஆண்டு கடைசித் தேதியை ஜூலை 31இலிருந்து செப்டம்பர் 15க்குத் தள்ளியிருப்பதால் நிதானமாக வேலை செய்ய வழி இருக்கிறது.

இதைத் தொடங்கியதற்குக் காரணம் என் மூத்த அக்கா. அத்தான் இறந்தபின் கிடைத்த பணத்தை அக்கா வங்கியில் வைப்பாகப் போட்டிருந்தார். ஆண்டு வட்டி 78,000 ரூபாய் வந்ததால், மூத்த குடிமக்களுக்கு அப்போதிருந்த 50,000 ரூபாய் வரம்பைத் தாண்டி, வங்கி பத்து சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது பணம் கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரியாக, பிடித்து வரித்துறையில் கட்டியது. "உங்களுக்குத்தான் வரியே கிடையாதே, பிறகு எதுக்குக் கணக்குக் காட்டணும்?" என்று யாரோ சொன்னதை நம்பி அக்கா சும்மா இருந்துவிட்டார். கணக்குக் காட்டாததால் மூன்று ஆண்டுகளில் 23,400 ரூபாய் திரும்பக் கிடைக்காமல் போயிற்று. அந்த மூன்று ஆண்டுகளும் நான் இதே தாலுகாவில் சார்நிலைக் கருவூலத்தில் ஓய்வூதியப் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட அக்காவின் பாஸ்புக்கை வாங்கிப் பார்க்கவில்லை.

சுவரில் ஒரே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: பான், ஆதார், பாஸ்புக், ஆதாருடன் இணைத்த கைபேசி ஆகியவற்றைக் கொண்டு வரவும்; கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் என்னிடம் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள்.

ஜூலை 12, சனி

முதலில் வந்தவர், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து இறந்தவரின் மனைவி, வயது 68. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல சாரே, தப்பு ஏதும் செய்திருக்கேனா?" என்று கேட்டார். வரித்துறையின் பெயரைக் கேட்டதும் குற்றம் சாட்டப்பட்டவரைப் போல் ஆகிவிடும் இந்தப் பயத்தைப் போக்குவதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரம் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

குடும்ப ஓய்வூதியம் மாதம் 18,000, ஆண்டுக்கு 2,16,000 ரூபாய். வைப்பு வட்டி 1,14,000. வங்கி பிடித்த வரி 11,400. இது, பிடித்த வரியைக் காட்டும் 26 ஏ.எஸ். படிவத்திலும் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் ஒரே தொகையாக இருந்தது. 2024-25 நிதியாண்டின் வருமானத்துக்கு, புதிய வரிமுறையில் குடும்ப ஓய்வூதியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது கழியும். ஆகவே 1,91,000உடன் வட்டியைக் கூட்டினால் மொத்தம் 3,05,000. அடிப்படை விலக்கான மூன்று லட்சத்துக்கு மேல் நிற்கும் ஐயாயிரத்துக்கு 250 ரூபாய் வரி. ஏழு லட்சத்துக்குள் வருமானம் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் அதுவும் நீங்கிவிடுகிறது. பிடித்த 11,400 முழுவதும் அவருக்குத் திரும்ப வர வேண்டியது.

ஏழு லட்சத்துக்குள் இருந்தால் வரி இல்லை என்பதையும், ஏழு லட்சத்துக்குள் இருந்தால் தாக்கலே வேண்டாம் என்பதையும் நம் ஊரில் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தள்ளுபடி என்பது கணக்குக் காட்டிய பிறகு கிடைப்பது. தாக்கல் செய்யும் கடமையோ மூன்று லட்சத்தைத் தாண்டியதுமே வந்துவிடுகிறது. இதை அவருக்கு இரண்டு முறை சொன்னேன், உடன் வந்திருந்த மருமகளுக்கும் சொன்னேன்.

நடப்பு ஆண்டில் மூத்த குடிமக்களுக்கான டி.டி.எஸ். வரம்பு ஒரு லட்சமாக உயர்ந்துள்ளது. இவருடைய வட்டி அதையும் தாண்டுவதால், வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15எச் படிவத்தை உடனே வங்கியில் கொடுக்கவும், இனி ஏப்ரல்தோறும் மறக்காமல் கொடுக்கவும் சொன்னேன். போகும்போது ஒரு சீப்பு மட்டிப்பழத்தை மேசையில் வைத்தார். வேண்டாம் என்று சொன்னால் வருந்துவார் என்பதால் வாங்கி, நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் பகிர்ந்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் எதுவும் கொண்டு வர வேண்டாம் என்பதையும் சுவர்த் தாளில் சேர்க்க வேண்டும். இலவசம் என்றால் பழத்துக்கும் அது பொருந்த வேண்டும். இல்லாவிட்டால், கொண்டு வர இயலாதவர் தயங்கி வராமல் இருந்துவிடுவார்.

ஜூலை 19, சனி

கடந்த திங்களன்று வரித்துறை, பொய்யான கழிவுகளைக் காட்டித் தாக்கல் செய்து கொடுப்பவர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் சோதனை தொடங்கியதாக அறிவித்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாகவே முன்வந்து 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு உறக்கமில்லாமல் இருந்த இளைஞர் ஒருவர் இன்று வந்தார். திருவனந்தபுரத்தில் வேலை, குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறார்.

சென்ற ஆண்டு, உடன் வேலை பார்க்கும் ஒருவர் காட்டிய முகவரிடம் பான் எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்திருக்கிறார். முகவர், இத்தகைய கழிவுகளுக்கு இடமுள்ள பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்து, பெயரே கேள்விப்படாத ஒரு அரசியல் கட்சிக்கு ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை கொடுத்ததாக 80ஜிஜிசி பிரிவில் எழுதி, 20 சதவீத வரியும் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 20,800 ரூபாயைக் கூடுதலாகத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டு, அதில் மூவாயிரத்தைத் தன் கூலியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் முகவருடையவை. துறை ஏதாவது கேட்டு எழுதியிருந்தால்கூட இவருக்குத் தெரிந்திருக்காது.

முதலில் ஆதார் ஓ.டி.பி. வழியாக அவரையே கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி, மின்னஞ்சலையும் எண்ணையும் அவருடையதாக ஆக்கினோம். நல்ல வேளையாக அறிவிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டுக்கு (அதாவது 2023-24 வருமானத்துக்கு) திருத்தக் கணக்குக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டதால், 'ஐ.டி.ஆர். யு' என்ற புதுப்பித்த கணக்கு ஒன்றுதான் வழி. 2026 மார்ச் 31க்குள் கொடுத்தால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரி. அதன்பின் 50 சதவீதம். துறை தானாகக் கண்டுபிடித்து, தவறாகக் காட்டியதாக முடிவு செய்தால் அபராதமே வரியின் இரண்டு மடங்கு. "கட்டிடலாம் சார், கட்டிட்டு உறங்கலாம்" என்றார். பணம் புரட்ட இரண்டு வாரம் கேட்டிருக்கிறார்.

அந்த முகவர்மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அதைவிட மனத்தை உறுத்துவது, படித்த பிள்ளை ஒருவர் தன் பெயரில் போகும் கணக்கை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை என்பதுதான். எழுதிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், இலவசமாகச் செய்யும் நானாக இருந்தாலும், கணக்கில் உள்ளதற்குப் பொறுப்பு அதற்கு உரியவருடையதே. ஆகவே இனி ஒவ்வொருவருக்கும், தாக்கல் செய்யும் முன் ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்துக் காட்டுவேன்.

ஜூலை 26, சனி

நல்ல மழை. ஒருவர் மட்டும் வந்தார். பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயர் கடைசிப் பெயராகவும், ஆதாரில் ஓர் எழுத்து முன்னெழுத்தாகவும் இருப்பதால் இரண்டும் இணையவில்லை. பான் செயலற்றுக் கிடக்கிறது. நம் மாவட்டத்தில் ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், தந்தை பெயர் எல்லாம் சேர்ந்து வருவதால் இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆதாரில் முன்னெழுத்தை விரித்துத் திருத்திக்கொண்டு, ஆயிரம் ரூபாய் கட்டி இணைத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், திற்பரப்புப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் வைத்திருப்பவர், மூன்று ஆண்டுகளாகத் தம் கணக்கில் ரப்பர் வருமானத்தைக் காட்டவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். காட்டினால் அதற்கும் வரி போடுவார்கள் என்ற பயம். தோட்டத்துப் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்து விற்பதும், மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலை விற்பதும் அவருக்கு வேளாண் வருமானம். ஆலையில் பதப்படுத்திய லேடெக்ஸ், கட்டி ரப்பர் போன்றவற்றைத் தயாரித்து விற்பவர்களுக்குத்தான் 35 சதவீதம் தொழில் வருமானமாக எடுத்துக்கொள்ளப்படும்.

பால்வெட்டுக் கூலி, உரம், மழைக்காப்புச் செலவு எல்லாம் போக 1,20,000 ரூபாய் நின்றது. ஓய்வூதியம் 5,40,000, நிலையான கழிவு 75,000 போக 4,65,000. வேளாண் வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை, ஆனால் ஐயாயிரத்தைத் தாண்டினால் விகிதம் கணக்கிடுவதற்காக அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். சேர்த்தால் 5,85,000க்கு வரி 14,250, மூன்று லட்சத்துடன் 1,20,000ஐச் சேர்த்த 4,20,000க்கு வரி 6,000, வித்தியாசம் 8,250. அவர் மொத்த வருமானம் ஏழு லட்சத்துக்குள் இருப்பதால் அந்த 8,250உம் தள்ளுபடியாகிவிட்டது. அதாவது, காட்டினாலும் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். மாறுவது படிவம் மட்டும்: வேளாண் வருமானம் 5,000க்கு மேல் போனால் 'சகஜ்' என்ற முதல் படிவம் செல்லாது, ஐ.டி.ஆர். 2 வேண்டும்.

கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் அவர் பேனாவை வாங்கி, தாமே ஒரு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். அவர் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. கேரளத்தை ஒட்டிய இந்த மேற்குப் பகுதியில் ஓய்வூதியரின் வீட்டுப் பின்புறம் பத்து ரப்பர் மரமாவது நிற்கும். எத்தனை பேர் தவறான படிவத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ என்ற கவலை வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு கப்பல் ஊழியரின் தாயார் வந்தார். மகன் ஆண்டில் பெரும்பகுதி கடலில். வெளிநாடுவாழ் நிலையை நாள் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும், வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கின் வட்டியில் 31.2 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்கு 87ஏ தள்ளுபடியும் இல்லை. இது என் கைக்கு மிஞ்சியது. அரைகுறையாகச் செய்துவிட்டுப் பிறகு அந்தப் பிள்ளை ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்று அறிவிப்புக்குப் பதில் சொல்ல நேரக்கூடாது. ஆடிட்டரிடம் போகச் சொல்லி, கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

78 வயதுப் பெரியவர் ஒருவர், 75 வயதுக்கு மேல் தாக்கல் வேண்டாமாமே என்று கேட்டார். ஓய்வூதியமும் வட்டியும் ஒரே வங்கியில் வந்து, வேறு வருமானம் இல்லாமல், 12பிபிஏ படிவத்தில் வங்கிக்கு உறுதிமொழி கொடுத்தவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துவிடும். இவருக்குக் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒரு வைப்பு இருப்பதால் பொருந்தவில்லை. கணக்கைத் தாக்கல் செய்து முடித்தோம்.

ஜூலையில் வந்த இளைஞர் புதுப்பித்த கணக்கைக் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

திருவோணத்துக்கு மறுநாள் நூலகம் வெறிச்சென்று கிடந்தது. ஆனால் கடந்த சனிக்கிழமை இருபத்திரண்டு பேர். ஞாயிறும் நேற்றும் என் வீட்டுத் திண்ணையில் வேலை நடந்தது. நேற்று மாலை இணையதளம் மிகவும் மெதுவாகி, ஒரு பக்கம் திறக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. இரவு வெகுநேரம் கழித்து, ஒரு நாள் கூட்டி இன்று வரை அவகாசம் என்று அறிவித்தார்கள். அதற்குள் மூன்று பேர் பேருந்து போய்விடும் என்று வீட்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். மூவரும் ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டார்கள்.

கடைசி நெருக்கடியில் செய்த கணக்குகளில் ஒரு சிலவற்றின் சரிபார்ப்பு நிற்கிறது. முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்காவிட்டால் உரிய தேதியில் தாக்கல் செய்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு பேரின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். நாளை முதல் ஒவ்வொருவரையும் தேடிப் போக வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

ஆறு பேரும் சரிபார்த்தாயிற்று.

அக்காவின் மூன்று ஆண்டுகளுக்காக, தாமதத்தை மன்னித்துக் கணக்கை ஏற்கும்படி 119(2)(பி) பிரிவின் கீழ் ஆகஸ்டில் விண்ணப்பித்திருந்தேன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இப்படிக் கேட்க முடியும். ஏன் தாமதம் என்ற இடத்தில், விதி தெரியாது, சொல்லித் தருவார் இல்லை, கணவர் இறந்த துயரத்தில் இருந்தேன் என்று அக்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இன்று, ஜூலையில் வந்த அந்த 68 வயது அம்மா பாஸ்புக்கைக் கொண்டு வந்து 11,400 ரூபாய் வரவான பதிவைக் காட்டினார். கூடவே பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வந்திருந்தார். அவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. வயது 63, முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர், நிலம் விற்ற பணத்தை வைப்பாகப் போட்டிருக்கிறார். வட்டி 62,000, பிடித்தது 6,200. வேறு வருமானம் இல்லை. தேதி முடிந்ததைக் கேள்விப்பட்டு, எல்லாம் போயிற்று என்று நினைத்திருக்கிறார். டிசம்பர் 31 வரை தாமதக் கணக்குக் கொடுக்கலாம். வருமானம் அடிப்படை விலக்குக்குள் இருப்பதால் தாமதக் கட்டணமும் இல்லை. ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தேன். ஓ.டி.பி. வந்ததும் கைபேசியை என்னிடம் நீட்டினார். பக்கத்தில் இருந்த அம்மா அதைத் தடுத்து, "நீதான் அழுத்தணும் மக்களே, சாரு தொட மாட்டாரு" என்றார். ஒவ்வோர் இலக்கமாக அவரே அழுத்தி முடிக்கும்போது மணி பன்னிரண்டு நாற்பது.