சிரட்டைக் கரிக்குள் 25 சென்ட்

கடையம் பக்கம் தோப்போரம் சிரட்டை சுடுகிறார்கள். புகை வெளுத்து, நீலமாகி, அடங்கியதும் டிரம் வாயைத் தகரத்தால் மூடி மண் பூசுகிறார்கள். சின்ன இடுக்கு விட்டாலும் விடிவதற்குள் எல்லாம் சாம்பல்.

உடைத்த கரி கண்ணாடியாய் மினுங்குகிறது.

இதை 900 டிகிரி நீராவியில் வாட்டினால் நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு. நம்மூர்க் கணக்கில் 25 சென்ட் நிலம்!

ஆலைப் புகையிலுள்ள கரியமில வாயுவை இந்தக் கரி பிடித்துவைக்கும். அதை இறுகப் பிடிப்பவை 1 நானோமீட்டருக்கும் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) குறுகிய துளைகள். அதிகம் வாட்டினால் துளை அகன்று பிடி தளரும். ஆலைப் புகையில் ஈரம் மிகுந்தால் தண்ணீர் முந்தித் துளைகளில் உட்கார்ந்துவிடும். அந்தப் புகையை ஆறவைத்து உலர்த்தித்தான் கரிக்குள் அனுப்ப வேண்டும். பிறகு சூடாக்கினால் வாயு கழன்றுவரும், கரி மறுபடி தயார்.

சிமென்ட் சூளையில் சுண்ணாம்புக்கல் வெந்தாலே கரியமில வாயு வரும், எரிபொருள் எதுவானாலும். தாழையூத்து பக்கம் சிமென்ட் சூளை, இங்கே குவியல் குவியலாய்ச் சிரட்டை. இரண்டும் ஒரே சீமையில்.