பனி நிறைந்த ஊரில் குளிக்கத் தண்ணீர் இல்லை

ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகிறேன் என்றதும் நாகர்கோவிலில் எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். குளிரைச் சமாளித்துவிடலாம், உடுப்புக்கு மேல் உடுப்பு போட்டால் தீர்ந்தது. தண்ணீர்தான் பெரிய பாடு. இரண்டு பருவமழையும் பெய்து, திரும்பிய பக்கமெல்லாம் குளம் கிடக்கிற குமரி மாவட்டத்துக்காரனுக்கு அங்கே முதலில் உறைப்பது அதுதான்.

குளிர்காலத்தில் மணாலி வழி கிடையாது. சுமார் 4,550 மீட்டரில் இருக்கும் குன்சும் கணவாயைப் பனி மூடிவிடும். சிம்லா, ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ என்று சுற்றித்தான் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போக வேண்டும். அதுவும் நல்லதற்கே, உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். காசாவின் உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். நம் கடற்கரையில் மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜனில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே கிடைக்காது. ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்குகிறது.

வழியில் தாபோ மடாலயம். 996-இல் நிறுவியது, சுவரெல்லாம் மண். நம் ஊர் ஆனி, ஆடி மழையில் இப்படி ஒரு சுவர் எத்தனை வருஷம் தாங்கும்? இமயமலை மழை மேகத்தைத் தடுத்துவிடுவதால் ஸ்பிதியில் மழை மிகக் குறைவு. அதனால்தான் ஆயிரம் வருஷமாக நிற்கிறது.

காசாவுக்கு மேலே லாங்சா, சுமார் 4,400 மீட்டர். ஒரு வீட்டில் தங்கினேன். குழாயெல்லாம் உறைந்து போயிருந்தது. காலையில் அந்த வீட்டு அக்கா கடப்பாரையோடு ஓடைக்குப் போவார். மேலே இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியை உடைத்து, ஓட்டையில் சொம்பை விட்டு மொண்டு, பிளாஸ்டிக் கேனை நிறைத்து முதுகில் சுமந்து ஏறி வருவார். சுற்றிலும் பனிதானே, அள்ளி உருக்கினால் என்ன என்று தோன்றும். அண்டா நிறைய அள்ளி அடுப்பில் வைத்துப் பார்த்தோம், அடியில் கொஞ்சம்தான் தண்ணீர் நின்றது. அதற்கு எரித்த விறகு? கீழேயிருந்து லாரியில் வர வேண்டும்.

கக்கூஸிலும் தண்ணீர் கிடையாது. மாடியில் ஒரு குழி, பக்கத்தில் மண்ணும் சாம்பலும். போட்டு மூடிவிட்டு வரவேண்டியதுதான். கீழே சேருவது வெயில் காலத்தில் வயலுக்கு எரு. நாற்றமே இல்லை, நம் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்கு இது எவ்வளவோ மேல்.

காசாவுக்கு இறங்கி சிக்னல் கிடைத்ததும் அம்மாவை அழைத்தேன். சாப்பாட்டைக்கூட விசாரிக்கவில்லை, "குளிச்சியா மக்கா?" என்றுதான் ஆரம்பித்தார். நான் பேச்சை மாற்றினேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிக் கிடந்தது.

லாங்சாவில் தண்ணீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. ராத்திரி எல்லோரும் 'தந்தூர்' என்கிற இரும்பு அடுப்பைச் சுற்றித்தான் உட்காருவோம். எனக்குப் பனி என்றால் போட்டோ. அந்த வீட்டு அண்ணனுக்கு அதுதான் பேச்சிப்பாறை அணை. மலையில் தங்குகிற பனி கோடையில் உருகி, 'கூல்' என்கிற வாய்க்கால் வழியாக இறங்கினால்தான் பச்சைப் பட்டாணியும் பார்லியும் விளையும். "இந்த வருஷம் பனி பத்தாது" என்றார் இந்தியில். முழங்கால் வரை புதைந்து நடந்து வந்த எனக்கு அதை நம்பக் கொஞ்சம் நேரமாயிற்று.

போகிறவர்களுக்கு: பனிச்சரிவு வந்தால் ரெக்காங் பியோ பஸ் நின்றுவிடும், கையில் உபரி நாள் வேண்டும். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். அப்புறம், நேந்திரங்காய் சிப்ஸ். உயரம் ஏற ஏற பாக்கெட் உப்பிக்கொண்டே வரும், பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெயில் பொரித்தது அந்த அக்காவுக்குப் பிடிக்குமோ என்று யோசித்துத்தான் நீட்டினேன். பாக்கெட் திரும்பி என்னிடம் வரவில்லை.