ஓரக்கல்லில் உரசிய அலாய் வீல்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

அலாய் வீல் வேலையில் பெயிண்ட் அடிப்பதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் வேலை நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் அதற்கு முன்பே, உப்புத்தாள் தேய்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. தேய்த்த இடத்தில் மயிரிழை அளவு படி இருந்தாலும், சில்வர் பெயிண்ட் அதை மறைக்காமல் இன்னும் எடுத்துக் காட்டும்.

எந்த வீலில் கை வைக்கலாம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஓர உரசல், சிராய்ப்பு, கிளியர் கோட் (பெயிண்ட்டின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) உரிந்து வெள்ளையாகப் பூத்திருப்பது இவையெல்லாம் வீட்டில் செய்யக்கூடியவை. விரிசலோ வளைவோ இருந்தால் வேண்டாம். பட்டி பார்த்து அதை மறைப்பது உயிருக்கே ஆபத்து. முகப்பு உலோகமாகவே மின்ன, உற்றுப் பார்த்தால் இசைத்தட்டு போல மெல்லிய வட்டக் கோடுகள் தெரியும் வீல்கள் லேத்தில் கடைந்தவை. அந்தக் கோடுகளைக் கையால் தேய்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. முழு முகப்புக்கும் பெயிண்ட் அடிக்கச் சம்மதம் என்றால் மட்டும் தொடங்குங்கள். டயரின் பக்கச்சுவரையும் தடவிப் பாருங்கள். ஓரக்கல்லில் இடித்த வேகத்தில் உள்ளே நூலிழை அறுந்து புடைத்திருந்தால் மாற்ற வேண்டியது டயரை.

வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகு வீலைக் கழற்றுங்கள். ஷாம்பூ நீரில் முன்னும் பின்னும் கழுவுங்கள். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருப்பதால் சோப்புக்கு மட்டும் அது போகாது, அயர்ன் ரிமூவர் தேவைப்படும். தார்ப் புள்ளிகளுக்குத் தனி ரிமூவர். டயர் பாலிஷ் பழக்கம் உள்ள வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும். அதிலுள்ள சிலிக்கான் துளி ஒட்டியிருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் நிற்காமல் விலகி, மீன் கண் போலக் குழி விழும். அதனால் தேய்ப்பதற்கு முன்பே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது பேனல் வைப் (எண்ணெய்ப் பசையை நீக்கும் திரவம்) கொண்டு துடைத்துவிட வேண்டும். தேய்த்த பிறகு துடைத்தால், அதற்குள் அழுக்கு கீறல்களுக்குள் இறங்கியிருக்கும். நனைத்த துணி ஒன்று, உடனே ஒற்றியெடுக்க உலர்ந்த துணி இன்னொன்று.

டயரைக் கழற்றத் தேவையில்லை. காற்றை இறக்கிவிட்டு, ரிம்முக்கும் டயருக்கும் இடையே பழைய சீட்டாட்டச் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வட்டமாகச் செருகுங்கள். ஒரு கட்டு ஒரு வீலுக்குத் தாராளம். மாஸ்கிங் டேப்பை விட இது மேல், ஏனென்றால் ரிம்மின் விளிம்பு மடிப்பு வரை பெயிண்ட் இறங்கும். வால்வையும், நட் உட்காரும் கூம்புக் குழிகளையும், பின்புறம் ஹப்பில் (வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) படியும் முகத்தையும் கட்டாயம் மூடுங்கள். அங்கே பெயிண்ட் படிந்தால் நாளடைவில் நசுங்கும், இறுக்கிய நட் தளரும்.

இனி ஓரம். உரசிய இடத்தில் பிசிறு மேடுகள் நிற்கும். சன்னமான அரத்தால் அவற்றை மட்டும் சீவுங்கள். அரத்தை ஓரத்தின் வளைவோடு ஓட்ட வேண்டும், குறுக்கே இழுத்தால் தட்டையாகிவிடும். அதே வீலில் அடிபடாத ஓரத்தைத் தொட்டுத் தொட்டு ஒப்பிடுங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். பிறகு 120, 180, 240, 400 என்று உப்புத்தாள் (எண் கூடக் கூடத் தாள் சன்னம்). நேராக 400-க்குத் தாவினால் 120-இன் கீறல் அப்படியே தங்கி, பெயிண்ட் காய்ந்து சுருங்கும்போது மேலே தெரியும். உலோகமும் பழைய பெயிண்டும் சேரும் எல்லையைக் குறைந்தது இரண்டு விரல் அகலத்துக்குச் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை மெதுவாக அந்த எல்லையில் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். கண் ஏமாறும், நகம் ஏமாறாது.

ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குத்தான் பட்டி. அதற்குக் கீழே என்றால் தேய்த்தே எடுத்துவிடலாம். எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர் (இறுக வைக்கும் பொருள்). கூடினால் அதன் நிறம் பெயிண்ட்டின் மேல் கசியும், குறைந்தால் பிசுபிசுவென்றே இருக்கும். கலந்த பிறகு கையில் சில நிமிடங்கள்தான், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். 120 தாள் தேய்த்த வெறும் உலோகத்தின் மேல் வைத்து, அரை மணி கழித்து 180-இல் தொடங்குங்கள். பட்டியை மட்டும் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பிறகு கொப்புளமாகத் தள்ளும்.

அலுமினியம் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படலம் கட்டும் உலோகம். சாதாரண பிரைமர் (அடிப்பூச்சு) அதில் சரியாகப் பிடிக்காது. தேய்த்து மட்டும் எடுத்த வீலுக்கு எட்ச் பிரைமர், பட்டி வைத்த வீலுக்கு எபாக்ஸி பிரைமர். எட்ச் பிரைமரிலுள்ள அமிலத்துக்கும் பட்டிக்கும் ஆகாது. எதுவானாலும் தேய்த்த அன்றே அடித்துவிடுங்கள். காய்ந்ததும் 600 வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, உலரவிட்டுத் துடையுங்கள். உலோகம் மறுபடி எட்டிப் பார்த்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு பூச்சு.

ஸ்ப்ரே கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மழைநாள் வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்தால் கிளியர் கோட் பால் போல வெளுக்கும். சுட்டெரிக்கும் வெயிலும் வேண்டாம், துளிகள் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். வீலைப் படுக்க வைத்து, ஸ்போக்குகளின் பக்கவாட்டை முதலில் அடியுங்கள், முகப்பு கடைசியில். தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். வீலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். மூன்று மெல்லிய பூச்சு, இடையே பத்துப் பத்து நிமிடம். முதல் பூச்சில் கீழே இருப்பது தெரியத்தான் செய்யும். மூடிவிட நினைத்து அடர்த்தியாக அடித்தால் வழியும். சில்வரின் கடைசிப் பூச்சை மட்டும் 35 சென்டிமீட்டர் தள்ளி நின்று தூவினால் துகள்கள் சீராகப் படியும், திட்டுத் திட்டாகத் தெரியாது. அதன்மேல் உப்புத்தாள் படவே கூடாது, நேராகக் கிளியர் கோட்: ஒரு தூவல், பிறகு இரண்டு ஈரப் பூச்சு.

ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் பெட்ரோலுக்கும் கெமிக்கலுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலுக்குக் கெடுதல். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ஹார்டனர் இல்லாத ஒன்-கே போதும், அதற்கும் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள மாஸ்க் கட்டாயம். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

கிளியர் ஓரளவு இறுகியதும், கல்லாவதற்கு முன், சீட்டுகளையும் டேப்பையும் உருவிவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும். 24 மணி நேரம் கழித்துக் காற்றடித்து மாட்டலாம். நட்டுகளை நட்சத்திர வரிசையில், வண்டியின் கையேடு சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை டார்க் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு வீல் கிளீனர் வேண்டாம், தண்ணீரும் மென்மையான துணியும் மட்டும்.