படிச்சாங்களா?

எங்கள் பழைய மேனேஜர் காலமாகி ஒரு மாதம் ஆகிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் அவருக்குக் கீழே நான்கு வருடம் கிளார்க்காக இருந்தேன். 1988-ல் சேர்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ மேனேஜர்கள். வேலை கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

அந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். ஆனால் தோட்டத்தில் பேச்சு தமிழ், சந்தையில் பேச்சு தமிழ். அந்தப் பகுதி அடங்கிய சிற்றூர் தாலுகா அந்தக் காலத்தில் கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, சுற்றிலும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி. ராஜ்ஜியம் மாறி, மாநிலம் மாறி, தமிழ் மட்டும் அங்கேயே இருக்கிறது. வங்கித் தாள்களில் மட்டும் அது கிடையாது. இங்கிலீஷ், இந்தி, மலையாளம். எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழில் கையெழுத்துப் போடுவார்கள், அல்லது கைநாட்டு.

தாள் ஒரு மொழியிலும் கையெழுத்து வேறு மொழியிலும் இருந்தால் கூடவே ஓர் உறுதிமொழி வாங்க வேண்டும். 'இதிலுள்ளது எனக்கு என் மொழியில் படித்துச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்' என்று. பல இடங்களில் அதை ரப்பர் ஸ்டாம்பாகவே வைத்திருப்பார்கள். குத்தினால் முடிந்தது. எங்கள் மேனேஜர் உண்மையிலேயே படித்துச் சொல்வார். சிற்றூர்க்காரர், வீட்டில் மலையாளம். தமிழைச் சந்தையில் கற்றவர். நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு, புரோநோட்டிலிருந்து ஆரம்பிப்பார்.

"ஆன் டிமாண்டுன்னா, பேங்க் எப்பக் கேட்டாலும் கொடுக்கணும்னு அர்த்தம். நான் கடலை பிடுங்கறதுக்கு முந்திக் கேக்க மாட்டேன். எனக்குப் பின்னாடி வர்றவர் கேக்கலாம். அதையும் தெரிஞ்சுட்டுப் போடுங்க."

ஜாமீன் போட வந்தவரிடம், "நீங்க சாட்சி இல்லீங்க. அவர் கட்டலைன்னா நீங்க கட்டணும்" என்பார். அதைக் கேட்டு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடன் வாங்க வந்தவரின் முகம் சுருங்கிவிடும். மேனேஜர் வேறு ஜாமீன்தாரரைக் கூட்டிவரச் சொல்வாரே தவிர, படிப்பதைக் குறைக்க மாட்டார். ஒரு கடனுக்கு அரை மணி நேரம். வெளியே டோக்கனோடு கூட்டம் நிற்கும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஆத்திரமாக வரும். வயது இருபத்துநாலு.

1990-ல் பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தச் சமயத்தில்தான் நகைக்கடன் ஏலம் ஒன்று வந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேனேஜர் லிஸ்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டார். ஒரு பெயரில் நிறுத்தினார்.

"நோட்டீஸ் போயிருக்கா?"

"போயிருக்கு சார். அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு இருக்கு."

"படிச்சாங்களா?"

எனக்குப் பதில் இல்லை. விலாசம் எழுதி அனுப்பியவன் நான். ரெஜிஸ்டரில் தேதி போட்டதோடு என் வேலை முடிந்தது என்றிருந்தேன்.

என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். உடுமலைப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண். கடலை விதைப்புக்காகச் சங்கிலியும் ஒரு ஜோடித் தோடும் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரித்த முகமாகப் பாயை விரித்துப் போட்டார். நோட்டீஸ் வந்ததாம். மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படிக்கும் பையன் எழுத்துக்கூட்டிப் படித்தானாம்.

"அவதி கழிஞ்சுதுன்னு வந்துச்சுங்களே சார். தள்ளுபடி பண்ணிட்டாங்கன்னு மாரியம்மனுக்கு வெளக்குப் போட்டேனுங்க."

மலையாளத்தில் அவதி என்றால் தவணை. கழிஞ்ஞு என்றால் முடிந்துபோயிற்று. கெடு முடிந்தது, பணத்தைக் கட்டு என்பது அந்த நோட்டீஸின் அர்த்தம். தமிழ்க் காதுக்கு, பட்ட அவதி தீர்ந்துவிட்டது.

மேனேஜர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த நோட்டீஸை வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அந்தப் பெண் அழவில்லை. பையனைத் திட்டவும் இல்லை. மறுநாள் காலை பேங்க் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றார். இரண்டு ஆட்டுக்குட்டிகளை விற்று வட்டிக்குப் பணம் கொண்டுவந்திருந்தார். வட்டியைக் கட்டி நகையை மறுபடி வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் கிளையிலிருந்து போகும் ஒவ்வொரு நோட்டீஸோடும் தமிழில் ஒரு தாள் போயிற்று. கார்பன் வைத்து எழுதியது நான். ஆய்வுக்கு வந்த அதிகாரி, எந்த சர்க்குலரில் இது இருக்கிறது என்று கேட்டார். "படிச்சுப் புரியணும்னுதானே சார் நோட்டீஸ் அனுப்பறோம்" என்றார் மேனேஜர். கையெழுத்து அவருடையது. மெமோ வந்தாலும் அவருக்குத்தான் வந்திருக்கும்.

ரிடையரான பிறகு சிற்றூருக்குத் திரும்பவில்லை. கிளை இருந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டார். ஊர் வாசகசாலைக்குத் தலைவரானார். இதழும் புத்தகமுமாகத் தமிழுக்கு இரண்டு அலமாரி ஏற்பாடு செய்தார். சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருப்பார்; கிராம ஆபீஸ் கடிதம், கரண்ட் பில், கோர்ட் சம்மன் என்று கொண்டுவருவார்கள். பதில் எழுத வேண்டுமென்றால் தமிழிலேயே எழுதச் சொல்வார். 1969-ம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசாங்கத்துக்கு எழுதலாம் என்று இருக்கிறது. அந்தப் பகுதியில் பலருக்கு அப்படி ஒரு உரிமை இருப்பதே அவர் சொல்லித்தான் தெரியும்.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். ஆழியாறு தண்ணீர் குறைந்த வருடங்களில் எல்லையின் இரண்டு பக்கமும் சூடாகிவிடும். இந்தப் பக்கம், தமிழ்நாடு ஏமாற்றுகிறது என்பார்கள். அந்தப் பக்கம், கேரளா கூடுதலாகக் கேட்கிறது என்பார்கள். இவர் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, வாய்க்கால் கடைமடை விவசாயிகளை உட்காரவைத்துப் படித்தார். 1970-ல் கையெழுத்தானது, 1958 முதலே அமலுக்கு வந்ததாகக் கணக்கு, மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்குத் தர வேண்டும். "கேக்கறதுக்கு முந்தி என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கணும்" என்பார். மனு எழுதும்போது அந்த எண் மனுவில் இருக்கும். வசவு இருக்காது.

இரங்கல் கூட்டம் வாசகசாலையிலேயே நடந்தது. நானும் போயிருந்தேன். தீர்மானத்தை மலையாளத்தில் படித்தார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசி வரிசையில் அந்த உடுமலைப் பெண் இருந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அனுசோசனம்னா என்னங்க?" என்று கேட்டார்.

தாளை வாங்கி வந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு இன்னும் மெதுவாப் படிப்பாருங்க" என்றார்.

முதலிலிருந்து மறுபடியும் படித்தேன்.