வேர்நுனியும் படைப்பு வீடும்: காரைக்குடி நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 3

பதினொன்றாம் வகுப்புக்கு வெங்காய வேர்நுனி செய்முறை. காலையிலேயே எட்டு வெங்காயத்தின் அடியில் காய்ந்திருந்த பழைய வேரைச் சுரண்டிவிட்டு, அடி மட்டும் தண்ணீரைத் தொடுகிற மாதிரி டம்ளர் வாயில் உட்காரவைத்தேன். வியாழக்கிழமைக்குள் வெள்ளை வேர் இறங்கிவிடும்.

வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், இப்பப் பிரியலாம்னு செல்லுக்கு யார் சொல்றது?" புத்தகத்தில் கட்டங்களின் பெயர் வரிசையாக இருக்கிறது, பிள்ளைகளும் ஒப்பித்துவிடுகிறார்கள். யார் சொல்வது என்பதுதான் உண்மையான கேள்வி. யாரும் சொல்வதில்லை, புரதங்கள் ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதும்தான் அங்கே நடக்கிற பேச்சு என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. அதனால்தான் இந்த இரண்டு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2025 பிப்ரவரி 4

முதலில் அடிப்படை ஜோடி. ஒன்று கைனேஸ், அதாவது மற்ற புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிற புரதம். செல்லுக்குள் இதன் அளவு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் தனியாக இருக்கும்போது வேலை செய்யாது, ஏனென்றால் அதன் உடம்பிலேயே உள்ள ஒரு வளைவு வேலை நடக்கிற வாயை அடைத்துக்கொண்டிருக்கும். இன்னொன்று சைக்ளின். அது வந்து பக்கவாட்டில் ஒட்டியதும் கைனேஸின் உருவமே திரும்புகிறது, வளைவு விலகுகிறது, வாய் திறக்கிறது. இது ஊகம் இல்லை. 1995இல் இந்த ஜோடியைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே கொண்டு அணு அணுவாகப் படம் பிடித்துவிட்டார்கள்.

இந்த வகைக் கைனேஸ் ஈஸ்ட்டிலும் உண்டு, நம்மிலும் உண்டு. 1987இல் பால் நர்ஸ் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில், இப்படி ஒரு கைனேஸின் மரபணு பழுதாகிப் பிரிய முடியாமல் நின்ற ஈஸ்ட்டுக்குள் அதற்கு ஈடான மனித மரபணுவைப் போட்டார்கள். ஈஸ்ட் பிரிந்தது. நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் கிளை பிரிந்த இரண்டு உயிர்கள், ஒன்றின் சாமான் இன்னொன்றில் அப்படியே பொருந்துகிறது! இதை வருஷா வருஷம் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

2025 பிப்ரவரி 6

இன்று முதல் ஸ்லைடு. வேரை வெட்டி அசிட்டிக் ஆல்கஹாலில் போட்டு, அமிலத்தில் லேசாகச் சூடு காட்டி, அசிட்டோகார்மின் விட்டு, கவர் ஸ்லிப்பின்மேல் வடிதாளை வைத்துப் பெருவிரலால் அமுக்கினோம். பார்த்தால் எல்லாம் நீள நீளச் செல்கள், நடுவில் உருண்டையாக நியூக்ளியஸ், ஒன்றுகூடப் பிரியவில்லை. பிள்ளைகள் நுனியை விட்டுவிட்டு மேலே வெட்டியிருந்தார்கள். கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில்தான் பிரிதல் நடக்கும், அதற்கு மேலே உள்ளவை பிரிவதை விட்டு நீள ஆரம்பித்தவை.

ஆனால் இந்தத் தவறான ஸ்லைடுதான் நல்ல பாடமாக அமைந்தது. அந்தச் செல்கள் ஏன் பிரியவில்லை? ஆர்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்றுநோயில் இது கெட்டுப்போயிருப்பதை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள், பெயரும் அதிலிருந்து வந்ததுதான். டிஎன்ஏவை நகலெடுக்கத் தேவையான மரபணுக்களைத் தட்டி எழுப்புகிற ஈ2எஃப் என்ற புரதத்தை ஆர்பி கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கும். வளரச் சொல்லி வெளியிலிருந்து சேதி வந்தால் சைக்ளின் டி உண்டாகும், அது கைனேஸ் 4, 6 (இந்த வகைக் கைனேஸ் பல உண்டு, எண் வைத்துத்தான் கூப்பிடுவார்கள்) இரண்டோடும் சேர்ந்து ஆர்பியின்மேல் பாஸ்பேட்டை ஒட்டும், பிடி தளரும். விடுபட்ட ஈ2எஃப் எழுப்புகிற மரபணுக்களில் ஒன்று சைக்ளின் ஈ. அது தன் ஜோடியான கைனேஸ் 2உடன் சேர்ந்து ஆர்பியை இன்னும் தளர்த்தும். அப்புறம் வெளியிலிருந்து சேதி நின்றாலும் செல் பாதியில் திரும்பாது. வெங்காயத்திலும் ஆர்பிக்கு ஒரு சொந்தக்காரப் புரதம் இருக்கிறது.

2025 பிப்ரவரி 8

சின்னாத்தாவைப் பார்க்க மதுரைக்குப் போய்வந்தேன். மார்பகப் புற்று, எலும்புக்கும் போயிருக்கிறது. பால்போசிக்லிப் மாத்திரை 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். "ஏம்மா, மருந்துன்னா தினம் திங்கணும்ல, இதுல எதுக்கு ஒரு வாரம் லீவு?" என்று கேட்டது.

உட்கார்ந்து சொன்னேன். முந்தாநாள் நான் எழுதிய அதே கைனேஸ் 4, 6தான் ஆத்தா இந்த மாத்திரையின் இலக்கு. அதன் வாய்க்குள் போய் இந்த மருந்து உட்கார்ந்துகொள்கிறது, அதனால் ஆர்பியின் பிடியைத் தளர்த்த ஆள் இல்லை, புற்றுச் செல் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்களை உண்டாக்குகிற செல்களும் அதே கைனேஸை நம்பித்தான் பிரிகின்றன, அவையும் நின்றுவிடும், ரத்தத்தில் அணு எண்ணிக்கை இறங்கும். அவை சாகவில்லை, நிற்கத்தான் செய்கின்றன. ஒரு வாரம் விட்டால் மறுபடி பிரிந்து எழுந்துவிடும், அதற்குத்தான் அந்த லீவு.

சின்னாத்தா கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "அப்ப அது சாகாம நின்னுக்கிட்டுத்தான் இருக்கா?" என்றது. பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. ஆமாம், இந்த மருந்தின் முக்கியமான வேலை நிறுத்திவைப்பதுதான். 2015இல்தான் அமெரிக்காவில் அனுமதியே கிடைத்தது, அதற்கு முன் இந்தக் கைனேஸை அடைத்து நிறுத்திவைக்கிற மருந்து எதுவும் அனுமதி பெற்றிருக்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டது.

2025 பிப்ரவரி 12

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் படைப்பு, பங்காளிகள் எல்லாரும் கூடி முன்னோருக்குப் படைக்கிற நாள். வளவு முழுக்கக் கழுவிவிட்டாயிற்று, பித்தளைப் பாத்திரம் எல்லாம் இறக்கியாயிற்று. ராத்திரிதான் எழுத நேரம் கிடைத்தது.

பிடிப்பதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன், அழிப்பதைப் பற்றி இன்னும் எழுதவில்லை. சைக்ளின் கிடைத்ததே அது காணாமல் போனதால்தான். 1982 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் டிம் ஹன்ட் கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கருவுறச் செய்து, புதிதாக உண்டாகும் புரதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் கூடுவதும், முட்டை பிரிகிற நேரத்தில் சட்டென்று மறைவதுமாக இருந்தது. அதுதான் சைக்ளின். அவருக்கும் நர்ஸுக்கும் லீலண்ட் ஹார்ட்வெல்லுக்கும் 2001இல் நோபல் கிடைத்தது.

மறையவைப்பது ஏபிசி என்ற பெரிய புரதக் கூட்டம். அது யுபிக்விட்டின் என்கிற சின்னப் புரதத்தைச் சங்கிலியாகக் கோத்து அடையாளம் கட்டிவிடும், கட்டியதை செல்லின் அரைவை எந்திரம் அரைத்துவிடும். பாஸ்பேட்டை எடுத்துவிடலாம், மறுபடி ஒட்டலாம். அரைத்ததைத் திரும்பக் கூட்ட முடியாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். செல் சுழற்சி பின்னோக்கிப் போகாமல் இருப்பதற்கு என் மனதில் நிற்கிற காரணம் இதுதான்.

ஏபிசி இரண்டு புரதங்களை ஒரே நேரத்தில் அரைவைக்கு அனுப்புகிறது. ஒன்று சைக்ளின் பி. இன்னொன்று செக்யூரின், அது செபரேஸ் என்ற கத்தரியைப் பொத்திப் பிடித்திருக்கும். செக்யூரின் போனதும் கத்தரி விடுபட்டு, ஜோடிக் குரோமாட்டிட்களை, அதாவது ஒரு குரோமோசோமின் இரண்டு நகல்களை, சேர்த்துக் கட்டியிருந்த வளையத்தை வெட்டும், இரண்டும் இரண்டு பக்கம் போகும். ஆக ஏபிசியை அவசரப்படவிடக் கூடாது. எல்லாக் குரோமோசோமும் இரண்டு பக்கத்திலிருந்தும் இழுக்கிற இழைகளில் மாட்டிக்கொள்ளும்வரை அதைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டும்.

கட்டிப்போடுகிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இழை இன்னும் வந்து மாட்டாத குரோமோசோம், அந்த மாட்டும் இடத்தில் மேட்2 என்ற புரதத்தின் உருவத்தை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். மாறிய மேட்2, ஏபிசிக்குத் துணையான சிடிசி20 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், துணை இல்லாமல் ஏபிசி வேலையைத் தொடங்காது. நம் செல்லில் 46 குரோமோசோம், அதில் 45 சரியாக மாட்டி ஒன்று மட்டும் பாக்கி என்றாலும் அந்த ஒன்று அனுப்புகிற சேதி போதும், மொத்தச் செல்லும் காத்திருக்கும். 1995இல் அந்தக் கடைசிக் குரோமோசோமின் மாட்டும் இடத்தை லேசரால் சுட்டுப் பார்த்தார்கள். அது சேராமலே செல் பிரிந்துவிட்டது. அதாவது காத்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த இடம்தான்.

2025 பிப்ரவரி 16

படைப்பு. இலை போட்டு எல்லாம் எடுத்துவைத்தாயிற்று, பதினோரு புள்ளியில் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பத்து வந்தாயிற்று, கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய ஒரு புள்ளி திருச்சி தாண்டி வண்டி பழுதாகி நிற்கிறது. பெரியப்பச்சி, முன்னோர் துணி இருக்கிற படைப்புப் பெட்டியைத் திறக்கவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதன, பெரியவர்கள் பேசாமல் பட்டாலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றரை மணிக்கு அவர்கள் உள்ளே நுழைந்து கால் கழுவியதும்தான் பெட்டி திறந்தது, உள்ளே இருந்த பழைய சேலை மணம் வளவு முழுக்க வந்தது.

கறிவேப்பிலை உருவிக்கொண்டே மேட்2ஐ நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 பிப்ரவரி 18

புது வேர், இந்த முறை சரியாக நுனி. முதல் நாள் கேள்வி கேட்ட பெண்தான் அமுக்கினாள், சீராக விரிந்தது. தேடித் தேடி ஒரு செல்லில் முள்ளை நிறுத்திவிட்டு, "மிஸ், இது புக்ல மாதிரி இல்ல" என்று கூப்பிட்டாள்.

பார்த்தேன். நடுக்கோட்டில் கருஞ்சிவப்பாகக் குரோமோசோம்கள் கூடியிருக்கின்றன, வெங்காயத்துக்கு மொத்தம் 16. எண்ணினோம், அவள் இரண்டு தடவை, நான் ஒரு தடவை. கோட்டில் பதினைந்து. ஒன்று மட்டும் தள்ளி, செல்லின் ஓரத்தில், கொக்கி மாதிரி வளைந்து. அமுக்கியதில் நகர்ந்திருக்கலாம் என்றும் சொன்னேன். "இல்ல மிஸ், அது வந்துக்கிட்டிருந்திருக்கும், அதுக்காகத்தான் மத்ததெல்லாம் நிக்குது, அதுக்குள்ள நாம ஆல்கஹால்ல போட்டுட்டோம்" என்றாள். ரெக்கார்டில் அப்படியே வரைந்தாள், பதினைந்தும் ஒன்றும்.

அசிட்டோகார்மின் காய்ந்துவிட்டால் ஸ்லைடு போய்விடும். அவளே பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து, கவர் ஸ்லிப்பின் நாலு ஓரத்திலும் இரண்டு தடவை பூசினாள். அடுத்த முறை மதுரை போகும்போது சின்னாத்தாவுக்குக் காட்ட, செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்திருக்கிறேன்.